படப்புத்தகத்துக்கும் பொன்னியின் செல்வனுக்கும் நடுவே

எட்டு, ஒன்பது வயதிலேயே கையில் கிடைப்பதையெல்லாம் வாசித்து முடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. மளிகைப் பொட்டலம் கட்டிய தாள், மருந்து அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டுச்சீட்டு, தாத்தாவின் பஞ்சாங்கம் என்று எதையும் விடமாட்டார்கள். இவர்களுக்குத் தமிழில் புத்தகம் தேடிக் கடைக்குப் போனால்தான் சிக்கல் தெரியும். ஒரு பக்கம் 16, 24 பக்கப் படப்புத்தகங்கள். இன்னொரு பக்கம் பெரியவர்களுக்கான நாவல்கள். நடுவில் 100 முதல் 200 பக்கத்தில், 10 முதல் 14 வயதுக்கென்றே எழுதியவை இருக்க வேண்டிய தட்டு மெலிந்து கிடக்கிறது. அதனால்தான் பல வீடுகளில் பிள்ளை படப்புத்தகத்திலிருந்து ஒரே தாவலாக ஐந்து பாகப் பொன்னியின் செல்வனுக்குப் போகிறது. சில பிள்ளைகள் அதில் ஊன்றிவிடுகிறார்கள். பலர் முதல் பாகத்தின் பாதியில் நின்று, "தமிழ்ப் புத்தகம் கஷ்டம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த நடுத்தட்டை வீட்டுப் பெரியவர்களே தேடிச் சேர்த்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன வயசு?" என்பதைத்தான். இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதற்கு இரண்டு விடை. கண் ஓடும் வயது ஒன்று, மனசு தாங்கும் வயது ஒன்று. பதினைந்து வயதுக்குரிய வாக்கியத்தை ஒன்பது வயதுப் பிள்ளை தடுமாறாமல் வாசித்துவிடும். ஆனால் சாவு, துரோகம், தாம்பத்தியம், கொடுமை இவற்றை எதிர்கொள்ள அதனிடம் ஒன்பது வருட வாழ்க்கைதான் இருக்கிறது. புத்தகத்தின் தடிமனோ மொழியின் கடினமோ இந்த இரண்டாவது வயதைப் பற்றி எதுவும் சொல்லாது.

இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரா. நடராசனின் 'ஆயிஷா' மிகச் சிறிய நூல், எளிய நடை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கேள்வி கேட்கும் ஒரு பள்ளிச் சிறுமியின் கதை என்பதால் கூச்சமில்லாமல் ஏழு வயதுப் பிள்ளைக்கும் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அது வகுப்பறை அடியைப் பற்றிய கதை. முடிவில் அந்தச் சிறுமி இறந்துபோகிறாள். ஆசிரியர்கள் வாசிக்க வேண்டிய அருமையான எழுத்து அது. பிள்ளைக்குக் கொடுத்தால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபக்கம் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, தலையணை அளவு. பார்த்தவுடன் பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இதன் முதல் கால்பகுதியைப் பத்து வயதுப் பிள்ளை தாராளமாக வாசிக்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடம், ஓலைச்சுவடி, ஊர் ஊராக மாறும் குடும்பம், படிப்பதற்காக ஒரு சிறுவன் அலைகிற அலைச்சல். அத்தியாயங்கள் சின்னவை. ஏடு தேடும் பகுதிகளைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

புத்தகம் வாங்கும் முன் பிள்ளையின் கண் வயதை ஓரளவு சரியாகக் கணித்துவிடுவது நல்லது. சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கணிக்க வேண்டாம். சத்தமாக வாசிப்பது வேறு திறமை. நன்றாக ஒப்பிக்கும் பிள்ளை புரியாமலே ஒப்பிக்கலாம். வழக்கமான டெமி அளவு நாவலில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொற்கள் இருக்கும். புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து மனசுக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். இரண்டு மூன்று மடங்கினால் சரியான அளவு. ஒன்றுமே மடங்கவில்லையென்றால் அது ஓய்வுக்கான புத்தகம், அதுவும் வேண்டியதுதான்.

தமிழில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நீளமான சொல்லே தவிர தெரியாத சொல் கிடையாது. வேர்ச்சொல் தெரிந்தால் விரலை மடக்கக் கூடாது. பழைய பதிப்புகளில் 'வந்துவிட்டானென்பதையறிந்து' என்று சொற்களைச் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். அதைப் பிரித்துக் காட்டினால் பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணுங்கள். பக்கம் முடிந்ததும் "என்ன நடந்தது?" என்று கேட்பதோடு "அவன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்றும் கேளுங்கள். நடந்ததைச் சொல்லி, காரணத்தைச் சொல்ல முடியவில்லையென்றால் மொழி பிரச்சினையில்லை. கதைமாந்தரின் மனசு இன்னும் எட்டவில்லை. அந்தப் புத்தகத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

ஆங்கில வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை இரண்டு மொழியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் 400 பக்க நாவல் வாசிக்கும் பிள்ளை தமிழில் மூன்றாம் வகுப்பு நிலையில் நிற்பது இன்று சாதாரணம். அதற்காகத் தமிழில் 'அம்மா ஆடு' நிலைப் புத்தகத்தைக் கொடுத்தால் அறிவுக்குத் தீனி போதாது, சலித்துவிடும். இதற்கு ஒரே வழி, பெரியவர் வாசித்துக் காட்டுவது. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வாசித்துப் புரிந்துகொள்வதை முந்தியே இருக்கும். நாளுக்கு 15 நிமிடம், ஒரு அத்தியாயம். சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசை மேலேயே விட்டுவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும்.

நன்றாக வாசிக்கும் பிள்ளை ஒரு தமிழ்ப் புத்தகத்தில் திடீரென்று தடுக்கி நின்றால், கதையைக் குறை சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது எழுத்து. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என மொத்தம் 13 எழுத்துகள் வேறு வடிவத்தில் இருக்கும். துதிக்கை வைத்த 'லை'யைப் பார்த்த பிள்ளை அது என்ன எழுத்து என்றே தெரியாமல் வாக்கியத்தை விட்டுவிடும். நூலகத்துப் பழைய பிரதியிலும் இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன் நூல்களிலும் இது அடிக்கடி வரும். அந்த 13 எழுத்துகளையும் அரைத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் அடையாளத் தாளாக வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் பழகிவிடும். ரகசிய மொழி கற்ற மாதிரி குஷியாகவும் இருக்கும். அதே தாளின் பின்பக்கத்தில் பழைய அளவுகளை எழுதலாம்: ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு ரூபாய்க்கு 16 அணா, 1957-க்குப் பிறகுதான் 100 பைசா. இரண்டாவது வட்டார வழக்கு. கரிசல், நாஞ்சில், கொங்கு வழக்கில் உரையாடல் வந்தால் வேறு ஊர்ப் பிள்ளைக்கு அது புது மொழி. முதல் பத்துப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினால் போதும். காதுக்குப் பழகியதும் கண் ஓடிவிடும். மூன்றாவது மொழிபெயர்ப்பு. ஏதாவது ஒரு பக்கத்தை நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டினால் குற்றம் பிள்ளையிடம் இல்லை.

சரி, எதைக் கொடுப்பது? நம் பெற்றோர்கள் பெரும்பாலும் கதைப் புத்தகத்தை மட்டுமே புத்தகம் என்று நினைக்கிறார்கள். கண் வயது முந்திய பிள்ளைக்கு மிக வசதியான படிக்கட்டு கட்டுரை நூல்கள்தான். வாழ்க்கை வரலாறு, இயற்கை, அறிவியல், பயணம், தொல்லியல் ஆகியவற்றில் மொழி எவ்வளவு உயர்ந்தாலும் பிள்ளையின் மனசுக்கு மீறிய பாரம் திடீரென்று வந்து விழுவது குறைவு. எறும்பைப் பற்றிப் பெரியவர்களுக்கு எழுதிய கட்டுரையைப் பத்து வயதுப் பிள்ளை வாசித்தால் என்ன குறை? மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளைத் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்', அதைத் தொகுத்த சு. தியடோர் பாஸ்கரனின் சொந்தச் சூழலியல் கட்டுரைகள் இரண்டுமே பெரியவர்களுக்கானவை. பறவை, விலங்குப் பைத்தியமான பிள்ளை இவற்றை விழுங்கிவிடும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கொண்டுவரும் 'துளிர்' மாத இதழ் கட்டுரை வாசிப்புக்கு நல்ல தொடக்கம். ஜிம் கார்பெட்டின் வேட்டை அனுபவங்கள் தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் 'குமாயுன் புலிகள்' என்று வந்திருக்கின்றன. விறுவிறுப்பில் அதற்கு ஈடு குறைவு. ஆட்கொல்லிப் புலியிடம் சிக்கியவர்களின் நிலையைக் கார்பெட் விவரிக்கும் இடங்கள் மட்டும் இரவில் பயப்படும் பிள்ளைக்கு ஆகாது.

'சத்திய சோதனை' பள்ளிப் பரிசாக நிறையக் கைமாறும் புத்தகம். அத்தியாயங்கள் சின்னவை, நடை எளிது, விலையும் குறைவு. ஆனால் தொடக்க அத்தியாயங்களிலேயே காந்தி தன் பால்ய விவாகத்தையும் அதில் தான் நடந்துகொண்ட விதத்தையும் மறைக்காமல் எழுதுகிறார். கொடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கேள்வி வரும், பதிலோடு தயாராக இருங்கள்.

கதைகளில், 8 முதல் 10 வயதுக்கு டெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' நன்றாகப் பொருந்தும். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டது. இரண்டு மூன்று பக்க அத்தியாயங்கள், அதனால் முதன்முதலாக ஒரு முழு நூலை முடிக்கும் பிள்ளைக்குத் தெம்பு வரும். ஒரு வகுப்புத் தோழனின் மரணமும் பள்ளி குண்டுவீச்சில் எரிவதும் அதில் உண்டு, மென்மையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கொஞ்சம் பெரிய பாய்ச்சலுக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்'. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த சாகச நாவல் அது. இமயத்துப் பனிமனிதனைத் தேடிப் போகிற கதைக்குள் பரிணாமம் பற்றிய யோசனைகளும் ஓடும். சாகித்திய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் 2010-லிருந்து கொடுக்கப்படுகிறது. தமிழுக்கு விருது பெற்ற எழுத்தாளர்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுத்தால் நடுத்தட்டுக்கான பாதி வேலை முடிந்துவிடும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', கீழடியைக் கதைக்குள் கொண்டுவரும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. முதலாவது, தவறான தொடுகையைப் பற்றியது. பிள்ளைகளுக்கென்றே கவனமாக எழுதப்பட்ட நூல். பெரியவரும் சேர்ந்து வாசிப்பது நல்லது.

கல்கியை எடுப்பதென்றால் 'பார்த்திபன் கனவி'லிருந்து தொடங்குங்கள். மூன்று பாகம் என்றாலும் மற்ற இரண்டையும்விடச் சிறியது. சிவனடியார் யார் என்ற புதிர் பிள்ளையைக் கடைசிவரை இழுத்துப் போகும். நரபலி கேட்கும் கபாலிகர்கள் வரும் பகுதி ஒன்றுதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் தரும். அடுத்து பொன்னியின் செல்வன். 'சிவகாமியின் சபத'த்தை மூன்றாவதாக வைக்கலாம். போரின் அழிவும் அந்த முடிவின் துயரமும் 12, 13 வயதில்தான் சரியாகப் போய்ச் சேரும். கதை நடக்கும் காலப்படி சிவகாமியின் சபதம்தான் முதலில் என்று சிலர் வாதிடுவார்கள். பிள்ளை விஷயத்தில் அந்த வரிசையைவிட மனசு தாங்கும் வரிசை முக்கியம். சுருக்கப் பதிப்பு வேண்டாம். முழு நூலைத் தாங்க முடியாத பிள்ளைக்கு அந்த நூலே இன்னும் வேண்டியதில்லை. பதிப்புரிமைப் பக்கத்தில் 'சுருக்கம்', 'தழுவல்', 'சிறுவர்களுக்காக' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அட்டையில் பல நேரம் இதைப் போடமாட்டார்கள்.

தவறு அதிகம் நடப்பது கல்கியை முடித்த பிறகுதான். "சரித்திர நாவல் பிடிக்குமா, இந்தா" என்று அடுத்த நாளே சாண்டில்யனை எடுத்துக் கொடுப்பார்கள். கடற்போரும் தந்திரமும் பிள்ளைக்குப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அவர் நாவல்களில் பக்கக்கணக்கில் ஓடும் சிருங்கார வர்ணனை பத்து வயதுக்கு எழுதியதில்லை. துப்பறியும் கதை கேட்கும் பிள்ளைக்குச் சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதைகளைக் கொடுப்பதும் இப்படித்தான். வசந்தின் பேச்சு பெரியவர்களுக்கானது. அட்டையைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு வகை. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் கதை. ஆடு பேசுகிற கதை என்று நினைத்துச் சின்னப் பிள்ளைக்கு வாங்கிவிடுகிறார்கள். இணைசேர்தல், பஞ்சம், பிரிவு எல்லாம் கலந்த பெரியவர்கள் நாவல் அது. நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். கி. ராஜநாராயணன் சேகரித்தவற்றில் குழந்தைகளுக்குச் சொல்லத்தக்க அற்புதமான கதைகள் ஏராளம். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பிட்ட தொகுப்பும் அவருடையதுதான்.

எல்லாவற்றையும் முழுக்க வாசித்துவிட்டுக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. இருபது நிமிடம் போதும். முன்னுரையைப் பாருங்கள், எழுத்தாளர் யாருக்காக எழுதினார் என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். முதல் பத்துப் பக்கம், பிறகு சரியாக நடுவில் ஐந்து பக்கம், பிறகு கடைசி இரண்டு அத்தியாயத்துக்கு முந்தைய பகுதி. நாவல்களில் சாவும் கொடுமையும் அந்த மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். முதல் அத்தியாயத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பழைய சிறுவர் நூல்களில் வேறொன்றையும் தேட வேண்டும்: சாதிப் பெயரை வசவாகச் சொல்லுதல், கறுப்பு நிறத்தைக் கேலி செய்தல், மலைவாழ் மக்களைக் காட்டுமிராண்டிகளாக வரைதல், வாத்தியார் அடிப்பதை நகைச்சுவையாக்குதல். இவை இருந்தால் நூலை ஒளித்து வைப்பதைவிட, அந்தப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து "இதை வாசித்ததும் வா, பேசலாம்" என்று சொல்லிக் கொடுப்பது மேல். ஒளித்து வைத்த புத்தகத்தை இந்தப் பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசிப்பு நிலைக் குறியீடுகளை நம்பித் தேடுவதில் ஓர் எல்லை உண்டு. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நான்கு நிலைகள், உச்சமான நான்காம் நிலை 1,500 சொற்களுக்கு மேல். கண் வயது முந்திய பிள்ளைக்கு அது பத்து நிமிடப் பண்டம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்க நூல்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். 'பற' முடிந்த பிள்ளை அதற்கு மேலே எங்கே பறப்பது என்பதற்குத்தான் நூலகம் வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் இதழ்களில் 'ஊஞ்சல்' நான்கு, ஐந்தாம் வகுப்புக்கானது, 'தேன்சிட்டு' ஆறு முதல் ஒன்பதுக்கானது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தேன்சிட்டைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதில் தவறே இல்லை.

நூலகத்தில் பிள்ளையைச் சிறுவர் பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள். பெரியவர் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை இருந்தால் பொதுப் பிரிவுப் புத்தகத்தையும் எடுக்கலாம். பொருள்வாரியாக எண்ணிடும் டூயி முறையில் அடுக்கும் நூலகங்களில் 500 அறிவியல், 590 விலங்குகள், 910 பயணம், 920 வாழ்க்கை வரலாறு, 954 இந்திய வரலாறு. தமிழ்ப் புனைகதை 894.8113. இந்த ஆறு எண்ணையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துத் தானே போய்த் தேட விடுங்கள். நூலகரிடம் கேட்கும்போது "ஒன்பது வயசுக்கு நல்ல புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் படப்புத்தகம்தான் வரும். "இவ டோட்டோ-சான் வாசிச்சா, அந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சது. சாமி கதை பிடிக்கல. கடல் பத்தி ஏதாவது இருக்கா சார்?" என்று கேளுங்கள். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம்' என்று 1931-லேயே நூலகவியலின் விதியாக எழுதியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகரைப் பற்றிச் சொல்லாமல் அவருடைய புத்தகத்தை யாரால் எடுத்துத் தர முடியும்?

ஒரு தடவைக்கு மூன்று புத்தகம் எடுக்கலாம். ஒன்று சுலபமானது, ஒன்று பிள்ளை தானே தேர்ந்தெடுத்தது, ஒன்று சற்றே எட்டிப் பிடிக்க வேண்டியது. மூன்றும் எட்டிப் பிடிக்க வேண்டியவையாக இருந்தால் இரண்டே மாதத்தில் வாசிப்பு பாடமாகிவிடும். காமிக்ஸைக் கீழ்ப்படி என்று தடுக்க வேண்டாம். ஏற்கெனவே வாசித்ததையே பத்தாம் முறை வாசிப்பதையும் தடுக்க வேண்டாம். முதல் முறை கதைக்காக ஓடிய கண், மூன்றாம் முறைதான் வாக்கியத்தைப் பார்க்கிறது. "என்ன புரிந்தது, எழுது" என்று கேட்பதையும் விருந்தாளிகள் முன் வாசித்துக் காட்டச் சொல்வதையும் அடியோடு விட்டுவிடுங்கள்.

ஓர் அகராதி வாங்கிக் கொடுங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் முதலில் வந்தது, 2020-ல் விரிவான மூன்றாம் பதிப்பு. பெரும்பாலான சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் இருப்பதால் இந்தப் பிள்ளைகள் அதையே கதைப்புத்தகம் மாதிரி வாசிப்பார்கள். கல்கி, உ.வே.சா. காலத்துச் சொற்களில் சில அதில் இருக்காது. அவற்றுக்கு இணையத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பெரியவர் திறந்து காட்ட வேண்டும். இணையத்தில் பழைய நூல்களுக்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற தளமும் இருக்கின்றன. மதுரைத் திட்டத்துக் கோப்புகள் பெரும்பாலும் தட்டச்சு செய்தவை என்பதால் பழைய எழுத்துத் தொல்லை அவற்றில் கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, ஐம்பது ஐம்பது பக்கமாகத் தைத்துக் கொடுக்கலாம்.

பாதியில் நின்ற புத்தகத்தை முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நின்ற பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். இரவல் புத்தகமென்றால் பெயர், பக்க எண், தேதி மூன்றையும் ஒரு நோட்டில். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் பிள்ளை கையில் கொடுத்து, எதை மறுபடி எடுக்கலாம் என்று அதையே கேளுங்கள்.